முன்சீட்டுக்கு மஞ்சள் தண்ணி

என் ஜீப்பில் முன்சீட்டு சாமிக்கு. அவர் வருகிற நாளில் அதை மஞ்சள் தண்ணி ஊற்றிக் கழுவ வேண்டும். ஆறு வருஷம் கழுவினேன். யாரும் என் கையைப் பிடித்துக் கழுவ வைக்கவில்லை. நானாகத்தான் கழுவினேன்.

போடியிலிருந்து மலைக்கு ஆள் ஏற்றிப் போவது என் தொழில். விடிகிற நேரத்துக்கு ஸ்டாண்டில் வண்டியை நிறுத்துவேன். ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்கள் பதினாலு பேர் வருவார்கள். சேலைக்கு மேலே பழைய ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குச்சட்டி. பின்னால் பத்துப் பேர் உட்காருகிற இடத்தில் பதினாலு பேரும் உட்காருவார்கள். முந்தல் செக்போஸ்ட் தாண்டினால் பதினேழு வளைவு. மேலே தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவேன். ஆளைச் சேர்ப்பதும் நான்தான். ஒருத்தி வரவில்லை என்றால் இன்னொருத்தியைத் தேடிப் பிடிக்க வேண்டியதும் நான்தான்.

சாமிக்கு மலையடிவாரத்தில் மடம். ஐம்பது வயசு இருக்கும். நல்ல குரல். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பேசுவார். எல்லாம் பொம்பளைகளுக்குத்தான். தலையை விரித்துப் போடாதே. போனில் சிரிக்காதே. தாலி அறுத்தவள் நல்ல காரியத்துக்கு முன்னால் நிற்காதே. ஆம்பளைக்குச் சொல்ல அவரிடம் ஒன்றும் இருந்ததில்லை. அதனாலேயோ என்னவோ ஆம்பளைகள் நிறைய வந்தார்கள்.

எங்கள் தோட்டத்து முதலாளி அவருடைய ஆள். வீட்டில் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதில் இருந்து மாடு வாங்குவது வரைக்கும் சாமியைக் கேட்டுத்தான் செய்வார். ஒரு மழைக்குத் தோட்டத்தில் அழுகல் விழுந்தது. காய் பச்சையாக இருக்கும்போதே கருத்துக் கொட்டியது. முதலாளி சாமியைக் கூட்டிப் போய்க் காட்டினார். சாமி செடியைக்கூடத் தொடவில்லை. குடைக்குள் நின்றபடி, "தீட்டுப் பொம்பளை கால் பட்ட மண்ணு" என்றார்.

அன்றிலிருந்து சட்டம். தீட்டாக இருக்கிறவள் மூன்று நாள் தோட்டத்துக்கு வரக் கூடாது. வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. அதே வாரம் விவசாய ஆபீசில் கேட்டு மருந்தும் வாங்கி அடித்தார்கள். அழுகல் நின்றது. பேர் சாமிக்குப் போனது. மருந்து அடித்தவனுக்குக் கை வெந்து தோல் உரிந்தது.

மேலே கூட்டிப் போய்த் திருப்பி அனுப்பினால் முதலாளிக்கு நட்டம். அதனால் கீழேயே கேட்டு ஏற்ற வேண்டும் என்று எனக்கு உத்தரவு. முதல் நாள் நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். பதினாலு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கேட்டேன்.

"யாராச்சும் தீட்டா இருக்கீகளா?"

வண்டியிலேயே மூத்தவள், தேவாரம் ஊரில் இருந்து வருகிற தேவாரத்துக்காரி. அறுபதை நெருங்குகிறவள். வாய் அதிகம். "ஏன் மாப்ளே, இதை ஒன் பொண்டாட்டிகிட்ட என்னைக்காச்சும் கேட்ருக்கியா?" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு இரண்டு பேர் சிரிக்காமல் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

பிறகு பழகிப் போனது. எதுவும் பழகும். தீட்டு வந்தவள் ஸ்டாண்டுக்கே வர மாட்டாள். பக்கத்தில் உட்காருகிறவள், "அவ இன்னைக்கு இல்லண்ணே" என்பாள். நான் வேறு ஆள் பிடிப்பேன். ஆள் பிடிக்கிறதுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் இல்லையா. அப்படித் தேவாரத்துக்காரி போக மற்றப் பெண்களின் நாளும் எனக்கு மனப்பாடம். என் மகள் எந்த வகுப்புப் படிக்கிறாள் என்று கேட்டால் யோசித்துச் சொல்வேன். இது யோசிக்காமல் வரும்.

சாமி மாதம் இரண்டு மூன்று தடவை தோட்டத்து பங்களாவுக்கு வருவார். அங்கே முதலாளி அவருக்கு ஒரு பூசை ரூம் கட்டிக் கொடுத்திருந்தார். சாமி வருகிற நாளில் பெண்கள் எல்லாரும் வண்டியை விட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். அவர் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பின்பக்கமாக ஏறலாம். முன்சீட்டில் எந்தப் பெண் கை வைத்திருந்தாலும் மஞ்சள் தண்ணி. அதற்கென்று ஒரு பாட்டில் நிறையக் கலந்து வைத்திருந்தேன். பொம்பளை வாடை ஆகாது என்று அவர் மூக்கில் துண்டை வைத்துக்கொள்வார். மேலே போகப் போக ஏலக்காய் வாசம் வரும். அப்போது துண்டை எடுப்பார்.

அந்தப் பதினாலு பேரில் ஒருத்தி ராசிங்காபுரத்தில் இருந்து முதல் பஸ்சில் வருகிறவள். முப்பது, முப்பத்திரண்டு வயசு. புருஷன் செத்து நாலு வருஷம். பிள்ளை இல்லை. அண்ணன் வீட்டில் இருந்தாள். அதிகம் பேச மாட்டாள். கை மட்டும் வேகம். ஏலக்காய் செடியின் அடியில் மண்ணை ஒட்டிக் காய்க்கிறது. நின்று எடுக்க முடியாது. நாள் பூராவும் குத்த வைத்து நகர்ந்து நகர்ந்துதான் எடுக்க வேண்டும். அவள் ஒரு சாக்கு நிறைத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கிறவளுக்கும் கை கொடுப்பாள்.

மடத்துக்கு ஒரு காரியக்காரர் உண்டு. சாமி வாய் திறக்காத இடத்தில் எல்லாம் அவர் பேசுவார். அவர் ஒரு நாள் தோட்டத்தில் வேலை வாங்குகிற கங்காணியிடம், சாமி வருகிற நாளில் பூசை ரூமைக் கூட்டித் துடைக்க அவளை அனுப்பு என்றார். சம்பளம் அதேதான். மற்ற பெண்களுக்குக் கொஞ்சம் பொறாமை.

"ஒனக்கென்ன ஆத்தா, நெழல்ல சோலி" என்றார்கள்.

அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பங்களாப் பக்கம் நடந்தாள்.

ஒரு நாள் மத்தியானம் சாமியை மடத்துக்குக் கூட்டிப் போக பங்களாவுக்குப் போனேன். எப்போதும் அவர் மட்டும்தான் வருவார். அன்றைக்கு அவளும் வந்தாள். "இந்த அம்மாவுக்குத் தலைவலியாம், கீழ விட்ரு" என்றார் சாமி. அவள் பின்னால் ஏறப் போனாள். "இங்கயே உக்காரட்டும்" என்றார்.

முன்னால் மூன்று பேர். வளைவுக்கு வளைவு சாமியின் தோள் அவள் மேல் சாயும். சாமி துண்டை மூக்குக்குக் கொண்டுபோகவில்லை. அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். முந்தலுக்கு முந்தின வளைவில் நிறுத்தச் சொன்னார். "நீ இங்கிட்டு எறங்கிக்க. பஸ்சு வரும்" என்றார். அவள் இறங்கினாள். வெயிலில் பாறை ஓரமாகப் போய் நின்றாள்.

நான் பழக்க தோஷத்தில் பாட்டிலை எடுத்துவிட்டேன்.

"கழுவவா சாமி?"

"இன்னைக்கு வேணாம்" என்றார்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. விளங்கியும் கியரைப் போட்டேன்.

அதற்கப்புறம் அவள் ஸ்டாண்டுக்கு வராத நாள் என்று ஒன்று இல்லை. அந்த மாசம் அவள் நாளுக்கு வேறு ஆள் சொல்லி வைத்திருந்தேன். அவளே வந்து நின்றாள். அடுத்த மாசமும் வந்தாள். சொல்லி வைத்த ஆள் என்னைத் திட்டிக்கொண்டு போனாள். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, அதே கணக்கு பதிமூன்று பெண்களுக்கும் தெரியும். சாமி போட்ட சட்டம்தான் தெரிய வைத்தது. அவர் அதை யோசிக்கவில்லை. தன் சட்டம் தன் பக்கம் திரும்பும் என்று அந்த மாதிரி ஆட்கள் யோசிப்பது கிடையாது.

தேவாரத்துக்காரிதான் கேட்டாள். வண்டி ஆறாவது வளைவில் இருந்தது.

"ஏடி, ரெண்டு மாசமா நீ லீவே போடலையே."

அவள் தலைத்துண்டை இறக்கி முகத்தை மூடிக்கொண்டது எனக்குக் கண்ணாடியில் தெரிந்தது.

"புருஷனத் தின்ன பாவம் கழியும்னு சொன்னாரு" என்றாள்.

யார் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

அவள் கேட்டது ஒன்றுதான். பிள்ளை அவருடையது என்று நாலு பேர் முன்னால் அவர் சொல்ல வேண்டும். அது நடந்தால் அண்ணன் வீட்டில் வைத்திருப்பான். அது நடக்காவிட்டால் வீடு போய்விடும். வேலையும் போய்விடும். தேவாரத்துக்காரி அவளைக் கூட்டிக்கொண்டு மடத்துக்குப் போனாள். காரியக்காரர், ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களை வைத்துப் பேசலாம் என்று சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை காரியக்காரர் ஸ்டாண்டுக்கு வந்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஆறு வருஷத்தில் அதுதான் முதல் டீ.

"தம்பி, நீ ரோட்டத்தான பாத்து ஓட்டுவ?"

"ஆமா."

"அப்ப அதையே சொல்லு. வேற எதுவும் சொல்ல வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை மடத்து மண்டபத்தில் ஐம்பது அறுபது பேர். சாமி மான்தோலில் உட்கார்ந்திருந்தார். முதலாளி தரையில். அவள் அண்ணன் நெற்றி நிறைய விபூதியோடு சாமிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். தங்கச்சி பக்கம் உட்கார ஆம்பளை ஒருத்தரும் இல்லை.

அவள் நடந்ததைச் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். காரியக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"சாமிய ஆறு வருசமா கூட்டிட்டுப் போறவன் இவன். நீ சொல்லப்பா. சாமி பக்கத்துல எந்தப் பொம்பளையாச்சும் ஒக்காந்து பாத்திருக்கியா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு தடவைதான்.

"நான் ரோட்டப் பாத்து ஓட்டுறவன்" என்றேன்.

சொல்லிக் கொடுத்ததை ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் அப்படி ஒப்பித்திருந்தால் அஞ்சாவது தாண்டியிருப்பேன்.

அவள் மடியில் சூடம் கொண்டுவந்திருந்தாள். எங்கள் பக்கத்தில் சூடத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்தால் சத்தியம். அதற்கு மேல் பேச்சு கிடையாது. அவள் தரையில் வைத்துக் கொளுத்தினாள். அடித்து அணைத்தாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப அவரு அணைக்கட்டும்" என்றாள்.

காரியக்காரர், "துறவி நெருப்பத் தொடக் கூடாதும்மா. சாஸ்திரம்" என்றார்.

அந்த மண்டபத்தில்தான் மாசா மாசம் சாமிக்கு முன்னால் அடுக்கு தீபம் காட்டுவார்கள். அவர் இரண்டு கையாலும் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொள்வார். அந்த நெருப்புக்கு சாஸ்திரம் இல்லை போல. ஐம்பது பேரும் அதைப் பார்த்தவர்கள்தான். ஐம்பது பேரும் தலையை ஆட்டினார்கள்.

சாமி கடைசியில் வாய் திறந்தார். "அந்தம்மா மேல எனக்குக் கோவம் இல்ல. நான் மன்னிச்சுட்டேன்" என்றார்.

பெருந்தன்மை என்று ஒருத்தர் சொன்னார். அவள் அண்ணன் அழுதுகொண்டே சாமி காலில் விழுந்தான். சாமி அவன் தலையில் கை வைத்தார். தங்கச்சி வயிற்றில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு அண்ணன் தலையில் கை.

தோட்டத்தில் அவளுக்கு வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். அவளை எந்த வண்டியும் ஏற்றக் கூடாது என்று காரியக்காரர் ஸ்டாண்டில் வந்து சொன்னார். அண்ணன் வீட்டிலும் இடம் போனது. தேவாரத்துக்காரி தன் வீட்டில் தங்க வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவள் ஸ்டாண்டுக்கு வந்தாள். பழைய சட்டை, தலைத்துண்டு, தூக்குச்சட்டி. டீக்கடை ஓரமாக நின்றாள். ஏற்றச் சொல்லவும் இல்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நான் வண்டியை எடுத்தேன். வளைகிற வரைக்கும் கண்ணாடியில் தெரிந்தாள். அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். பத்து நாள். பின்னால் அவள் இடத்தில் புதுசாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தேவாரத்துக்காரி வண்டியில் பேசுவதை நிறுத்திவிட்டாள். அந்த வாய் சும்மா இருந்தது எனக்கு என்னமோ போல இருந்தது.

பதினோராவது நாள் பௌர்ணமி. தோட்டத்தில் அந்தச் சுற்றுக்கு முதல் காய் எடுக்கிற பூசை. சாமி ஸ்டாண்டுக்கே வந்தார். காரியக்காரர் குடை பிடித்து வந்தார். பெண்கள் வழக்கம்போல இறங்கி ஓரமாக நின்றார்கள். டீக்கடை ஓரத்தில் அவள் நின்றாள். சாமி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவருக்கு நல்ல பயிற்சி.

"சீட்டு கழுவியாச்சா?" என்றார் காரியக்காரர்.

"இல்ல."

"ஏம்ப்பா? வெரசா கழுவு. நேரமாகுது."

"கேக்க வேண்டியதக் கேட்டுட்டுக் கழுவுறேன்" என்றேன்.

பெண்களைப் பார்த்துக் கேட்டேன். "யாராச்சும் தீட்டா இருக்கீகளா?"

"இல்ல" என்றார்கள்.

சாமி ஏறுவதற்குக் கம்பியில் கை வைத்தார். அந்தக் கம்பியைப் பிடித்தபடியே நான் நின்றேன்.

"சாமிக்கு?"

"என்னது?" என்றார் காரியக்காரர்.

"சாமிக்குத் தீட்டு உண்டான்னு கேக்கேன். இருந்தா ஏத்த முடியாது. அவரு போட்ட சட்டம்தான்."

பக்கத்து ஜீப்பு டிரைவர்கள் கிட்டே வந்தார்கள். நான் சத்தமாகப் பேசவில்லை. எனக்குச் சத்தமாகப் பேச வராது.

"அன்னைக்கு இந்தச் சீட்டுல இவரு பக்கத்துல அந்தப் பிள்ள ஒக்காந்து வந்தா. பங்களாவுல இருந்து முந்தல் வளைவு வரைக்கும். கழுவவான்னு கேட்டேன். வேணாம்னாரு. அன்னைக்கு மட்டும் இந்தச் சீட்டு கழுவாமத்தான் போச்சு. மண்டபத்துல நான் சொன்னது பொய்."

சாமி சிரித்தார். "இவருக்கு ஒடம்பு சரியில்ல போல. வேற வண்டி பாருங்க" என்றார். குரல் மாறவில்லை. ஒரு நடுக்கம் இருந்திருந்தால்கூட மனுஷன் என்று நினைத்திருப்பேன்.

அப்போது தேவாரத்துக்காரி ஓரத்தில் இருந்து வந்தாள். பத்து நாள் மூடியிருந்த வாய்.

"ஏஞ்சாமி, எங்க தீட்டுக்குக் காய் அழுகுதுன்னீக. ஒங்க அழுகலுக்கு என்ன மருந்து அடிக்க?"

யாரோ சிரித்தார்கள். பிறகு ஸ்டாண்டே சிரித்தது. சாமி பெண்கள் நடுவில்தான் நடந்து போக வேண்டியிருந்தது. ஒருத்தியும் ஒதுங்கவில்லை. முதலாளியின் கார் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது.

எவனோ அதைப் போனில் வீடியோ எடுத்திருந்தான். சாயங்காலத்துக்குள் போடி பூராவும் பார்த்துவிட்டது. மடத்தில் அதை வெட்டி ஒட்டின வீடியோ என்றார்கள். நான் குடித்திருந்தேன் என்றார்கள். அடுத்த பௌர்ணமிக்குக் கூட்டம் குறைந்ததா என்று கேட்டால், இல்லை. கூடத்தான் செய்தது. வேடிக்கை பார்க்க வந்தவன் பாதி, சாமிக்கு வந்த சோதனை என்று அழ வந்தவன் பாதி. இப்போது மடத்து வாசலில் தோரண வளைவு கட்டியிருக்கிறார்கள். ரோட்டோரம் அவர் முகம் பிளக்ஸில் நிற்கிறது. கற்பைப் பற்றி மூன்று நாள் பேசப் போகிறாராம்.

அவர் ஒரு எழுத்தும் ஒத்துக்கொள்ளவில்லை. இனிமேலும் மாட்டார்.

ஸ்டாண்டில் நடந்ததற்கு மறுநாளே எங்களுக்கு அந்தத் தோட்டத்தில் வேலை இல்லை. மலையில் தோட்டமா இல்லை. காய் பழுத்து வெடிக்கிற நேரம், ஆள் கிடைக்காத காலம். பதினாலு பேரோடு ஒரு ஜீப்பு வந்தால் யார் வேண்டாம் என்பார்கள். இரண்டு வளைவு தாண்டி மலையாளத்துக்காரர் தோட்டம் ஒன்று. அவரிடம் பேசினேன். "ஆளு மதி. நாளைக்கே கொண்டு வா" என்றார். ஆள் இருந்தால் அவருக்குப் போதும். வேறு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் அவள் டீக்கடை ஓரத்தில் நின்றாள். நான் போய், "வா" என்றேன். முன்கதவைத் திறந்துவிட்டேன்.

"அதுல நான் ஒக்கார மாட்டேன்" என்றாள். "என் எடம் எங்க இருக்கு?"

பின்னால் அவள் இடத்தில் புதுப்பெண் இருந்தாள். தேவாரத்துக்காரி முழங்காலை மடக்கினாள். "ஒடுங்கி ஒக்காருங்கடி. நீ இன்னும் மூணு மாசத்துல ரெண்டு பேரு எடத்தப் பிடிப்ப, இப்பவே சொல்லிப்புட்டேன்" என்றாள். அவள் ஏறினாள். பதினஞ்சு பேர். முன்சீட்டு காலியாகப் போனது.

பிறந்தது பெண் குழந்தை. "மூக்கப் பாரு, அப்படியே ரோட்டோரப் பிளக்ஸு" என்கிறாள் தேவாரத்துக்காரி. பெத்தவள் சிரிப்பதில்லை. குழந்தையின் முகத்தைத் துண்டால் மறைத்துக்கொள்வாள். இப்போது குழந்தை நடக்கிறது. காய் எடுக்கிற இடத்தில் சாக்கு மேல் உட்கார வைத்திருக்கிறார்கள்.

நான் காலையில் யாரையும் எதுவும் கேட்பதில்லை. இருந்தும் சிலபேர் அந்த மூன்று நாள் தானாகவே வருவதில்லை. சொல்லிப் பார்த்தேன். "இருந்தாலும் அண்ணே, ஒரு இதுதான்" என்கிறார்கள். ஆறு வருஷம் கேட்ட வாய் என்னுடையது. நான் யார் அவர்களைக் குறை சொல்ல.

சாயங்காலம் இறங்கும்போது எல்லாரும், "வர்றேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவளும் முன்பு சொல்லுவாள். மண்டபத்துக்கு அப்புறம் சொல்வதில்லை. குழந்தையை இடுப்பில் வைத்து, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போவாள்.

அது சரிதான். நான் ஸ்டாண்டில் சொன்னது பத்து நாள் பிந்தி.